ஃபார்முலா தெரியும்... பிரேக் தெரியுமா?



முதலாண்டு இயற்பியலில் நான் வாங்கிய மார்க் 86. அந்தத் தைரியத்தில் திரிந்த என்னை ஒரே கேள்வியில் உட்கார வைத்தவர் என் அப்பா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருபது வருடமாக லாரி ஓட்டுகிறவர்.

"வண்டி வேகம் ரெண்டு மடங்கு ஆனா, பிரேக் புடிச்சப்புறம் எவ்ளோ தூரம் போய் நிக்கும்?" என்றார்.

"ரெண்டு மடங்கு தூரம்பா" என்றேன் சட்டென்று.

அப்பா சிரித்தார். "அப்படி நெனைச்சுத்தான் நிறையப் பேரு முன்னாடி போற வண்டியில கொண்டுபோய் விடுறான். நாலு பங்கு வேணும்டா!"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாதான் சரி.

உந்தம் என்றால் நிறை × திசைவேகம். இயக்க ஆற்றல் என்றால் அரை × நிறை × திசைவேகத்தின் வர்க்கம். இரண்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் எது எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். ஓடும் வண்டியை ஒரே விசையில் எவ்வளவு நேரம் பிடித்தால் நிற்கும்? அதை உந்தம் சொல்லும். எவ்வளவு தூரத்தில் நிற்கும்? அதை இயக்க ஆற்றல் சொல்லும். விசை × தூரம் என்பதுதானே வேலை! அந்த ஆற்றல் முழுவதையும் தீர்க்கிற வேலையை பிரேக் செய்தாக வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கும் நேரம் இரட்டிக்கிறது. அந்த நேரத்தில் வண்டியின் சராசரி வேகமும் இரட்டிக்கிறது. ஈரிரண்டு நான்கு!

மணிக்கு 36 கி.மீ. என்பது விநாடிக்கு 10 மீட்டர். பிரேக் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், 2 விநாடியில், 10 மீட்டரில் வண்டி நிற்கும். 72 கி.மீ. வேகம் என்றால் 4 விநாடி, 40 மீட்டர். முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் சுமார் 62 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ரோட்டைக் கடந்தால்...? பைக்கை முறுக்கும் நண்பர்களே, யோசியுங்கள்!

இதில் குழம்பியது நாம் மட்டுமல்ல. இயக்கத்தை அளக்க வேகம் போதுமா, வேகத்தின் வர்க்கம் வேண்டுமா என்று டெகார்ட்டைப் பின்பற்றியவர்களோடு 1686-இல் லைப்னிட்ஸ் தொடங்கிய சண்டை பல பத்தாண்டுகள் ஓடியது. ஹாலந்தின் கிரேவசாண்டே 1722-இல் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழ வைத்துப் பார்த்தார். இரட்டை வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு பள்ளம் செய்தது. 'வேலை' என்ற சொல்லுக்கு இந்த அர்த்தத்தை 1829-இல் நிலைநாட்டியவர் கோரியோலிஸ். அவரும் நம்மைப் போல இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய பொறியாளர்தான்!

இவ்வளவு பெரிய சண்டையை நாம் இரண்டு மார்க் விடையாகச் சுருக்கிவிட்டோம். 'உந்தம்: வரையறு' என்று கேட்பதை விட, 'இந்த இடத்தில் உந்தமா, ஆற்றலா? ஏன்?' என்று கேட்கும் வினாத்தாள் வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பழைய பேரிங் குண்டை ஓரடி உயரத்திலிருந்தும் நாலடி உயரத்திலிருந்தும் ஈரக் களிமண்ணில் போட்டுப் பாருங்கள். நாலடியிலிருந்து விழுவது இரட்டை வேகத்தில் விழும். பள்ளம் உங்களோடு பேசும்.

ஃபார்முலா மார்க் வாங்கித் தரும். அதன் அர்த்தம்தான் நம்மை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்!