ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே!

திமிர் என்றார்கள். பொறுப்பில்லை என்றார்கள். "வீட்டு நினைப்பை மூட்டை கட்டிக்கொண்டு வந்து ஆபீஸில் அவிழ்க்கிறார்" என்று என் காதுபடவே பேசினார்கள். நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள்: "அண்ணிக்கு யாரோ எதையோ வெச்சிருக்காங்க, ஒரு எட்டு கோடாங்கி பார்த்துட்டு வாங்க." என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளில் என்னை வைத்தே சிரிப்பு மூட்டினார்: "இவளை நம்பி அடுப்பில குக்கரை வைக்க முடியாதுப்பா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே வேறென்ன செய்ய?

ஆளாளுக்கு ஒன்று சொன்ன இந்த ஊரில், நாற்பத்தாறு வயதில் என் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே! அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

நான் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் காசாளர். விதைப்புக் காலம் வந்துவிட்டால் நகைக்கடனுக்கு வாசல் வரைக்கும் ஆள் நிற்கும். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு நிற்கிற பெண்களை எனக்கு முகம் முகமாகத் தெரியும். உறுப்பினர் எண்ணைப் பேரேட்டைப் புரட்டாமலே சொல்வேன். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பைசா பிசகாமல் டாலி ஆகும். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

அந்தத் தலைக்குத்தான் என்னவோ ஆனது. ஈர விறகுப் புகை மண்டைக்குள் சூழ்ந்த மாதிரி ஒரு மந்தம். இருபது வருஷமாக அண்ணே என்று கூப்பிட்ட மனிதர் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறார், பெயர் வரவில்லை. ரப்பர் ஸ்டாம்ப் வேண்டும், அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. "அந்த... குத்துவோமே, அதை எடு தம்பி" என்று கையால் குத்திக் காட்டினேன். எண்ணிய கட்டையே மறுபடி எண்ணினேன். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் விட்ட இடம் தெரியாது. ஒரு நாள் கணக்கு இடித்தது. காசாளர் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், குறைந்தால் கைக்காசைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். போட்டேன். பணம் போனதுகூடப் பெரிதில்லை. மறுநாள் கைக்கு வந்த மெமோவில் 'தொடர் கவனக்குறைவு' என்று எழுதியிருந்ததே, அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது.

அதே மாதம் பக்கத்து மேசைக்காரர், ஒருவர் கட்டிய தவணையைக் கொண்டுபோய் வேறொருவர் கணக்கில் வரவு வைத்தார். அவரை என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம், ஆடிட் நேரம், ஒரே வேலை." ஆண் மறந்தால் வேலைப்பளு. பெண் மறந்தால் பெண்புத்தி. நாற்பதைத் தாண்டினால் நாய்க்குணம் என்று அதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். பட்டிமன்ற மேடையில் பெண்டாட்டியின் மறதியைச் சொன்னால் விழுகிற கைதட்டலைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கைதட்டலில் எங்கள் கைகளும் சேர்ந்திருக்கின்றன என்பது தனிக் கொடுமை.

டாக்டரிடம் போகவில்லையா என்பீர்கள். போகாமலா? ஒருவர் பிரஷர் பார்த்துவிட்டு, "டென்ஷனைக் குறைங்கம்மா, வயசாகுதுல்ல" என்றார். இன்னொருவர் சத்து ஊசி போட்டார். மூன்றாமவர் தூக்க மாத்திரை எழுதினார். காலையில் மந்தம் இரண்டு மடங்கானது. அந்தச் சமயத்தில் எனக்குத் தீட்டு முறை தவறிப் போயிருந்தது. ஒரு மாதம் இரண்டு தரம் வரும், பிறகு இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது, வந்தால் ஓயாது. நடுராத்திரியில் உடம்பு தீயாய்க் காந்தி, ஜாக்கெட் தொப்பலாக நனைந்து, எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இதற்கும் மறதிக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது நியாயம். படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்குமா தெரியவில்லை? மூன்று பேரில் ஒருவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே!

நான் என்ன நினைத்துக்கொண்டேன் என்று சொல்கிறேன். என் மாமியார் கடைசிக் காலத்தில் பெற்ற மகனையே "நீங்க யாருங்க?" என்று கேட்டவர். அந்த வியாதி எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு மகளின் பழைய நோட்டை எடுத்து, எல்.ஐ.சி. பத்திரம் எந்தப் பெட்டியில், சீட்டுப் பணம் யாரிடம், அவளுக்கென்று சேர்த்த நகை எங்கே என்று வரிசையாக எழுதினேன். அவள் முகம் மறந்துபோகும் முன்னால் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும் என்று அவசரம். பக்கத்தில் தூங்குகிறவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கல்யாண வீட்டில் அதுவும் சிரிப்பாகும்.

இத்தனைக்கும் பிறகு, கால்வலிக்கென்று தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?" அந்த ஒரு கேள்விக்கு நான் கவுண்டரில்கூட அழாத அழுகை அழுதேன்.

அவள் சொல்லித்தான் தெரியும். மாதவிடாய் முழுதாக நிற்பதற்குச் சில வருஷங்கள் முன்பே சூலகம் தடுமாறத் தொடங்கும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படிப்படியாக இறங்காமல் கன்னாபின்னாவென்று ஏறி இறங்கும். அதன் வேலை கர்ப்பப்பையோடு முடிந்துவிடுவதில்லை. மூளையில் புது விஷயத்தைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ், கவனத்தைப் பிடித்து நிறுத்துகிற முன்பகுதி, இரண்டிலும் அதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. மூளை சர்க்கரையை எரித்துச் சக்தியாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது தள்ளாடும்போது சொல் தொண்டையில் நிற்கும், எண்ணிய எண் நழுவும். ராத்திரி வியர்வையில் தூக்கமும் போனால் கேட்கவே வேண்டாம். இதைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். நம் ஊரில் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேல்நாட்டில் 51 வாக்கில். அப்படியானால் இந்தத் தடுமாற்றம் எங்களில் பலருக்கு நாற்பதைத் தொட்டவுடனே தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்குப் பொதுத்தேர்வு, மாமனார் படுக்கையில், ஆபீஸில் பதவி உயர்வு, எல்லாம் வந்து சேர்கிற அதே வயதில்.

இது நேற்றுக் கண்டுபிடித்ததா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவில் 'ஸ்வான்' என்ற ஆய்வு 1990களில் தொடங்கிப் பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தது. அதில் 2,362 பெண்களின் நினைவையும் மூளை வேகத்தையும் நான்கு வருஷம் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் பழக்கத்தில் மதிப்பெண் ஏற வேண்டும். இந்த இடைக்காலத்தில் இருந்த பெண்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. மாதவிடாய் நின்று அடங்கிய பிறகு மறுபடி ஏறியது. அதாவது பெரும்பாலோருக்கு இது தெளிந்துவிடும். என் மாமியாருக்கு வந்தது வேறு, எனக்கு வந்தது வேறு. 2009இல் என் மகள் கைக்குழந்தை. அவள் பிளஸ் டூ வந்துவிட்டாள், அந்தச் செய்தி எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு இன்னும் வந்து சேரவில்லை!

எப்படி வரும்? எங்களை யார் கேட்கிறார்கள்? தேசிய குடும்ப நல ஆய்வில் பெண்களிடம் உட்கார்ந்து கேள்வி கேட்பது 15 முதல் 49 வயது வரைதான். ஆண்களிடம் 54 வரை கேட்கிறார்கள். பிள்ளை பெறுகிற வயது முடிந்தால் எங்கள் விவரமும் முடிந்தது. அந்த 49க்குள்ளேயே நூற்றுக்கு 57 பெண்களுக்கு ரத்தசோகை என்று 2019-21 கணக்கு சொல்கிறது. ரத்தமில்லாத உடம்பில் மாதம் இரண்டு தரம் ரத்தப்போக்கு வந்தால் தலை எப்படி நிற்கும்? தைராய்டு, பி12 குறைவு என்று மறதிக்கு இன்னும் காரணங்கள் உண்டு. எல்லாம் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அந்தச் சீட்டை எழுதக்கூட மனமில்லாதவர்களுக்கு, "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுதும்மா" என்று சொல்ல மட்டும் வாய் வருகிறது. சூலகத்தையும் சேர்த்து எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் அறுந்துபோகும். காலத்துக்கு முன்பே அப்படி எடுக்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதல் என்று மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2007இலேயே எழுதிவிட்டார்கள். மகாராஷ்டிரத்து பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், கூலி நாள் கெடக் கூடாதென்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் கர்ப்பப்பையை இழந்து நின்ற கதை 2019இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. பேசினார்கள், விட்டார்கள்.

ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் மாத்திரை என்றால் புற்றுநோய் என்று டாக்டர்கள் ஒரே பேச்சில் கதவைச் சாத்துகிறார்கள். 2002இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்விலிருந்து பரவிய பயம் அது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, எங்கள் வயதே இல்லை. மறதிக்கென்று மட்டும் அந்த மாத்திரை தருவதில்லை, எல்லாருக்கும் அது ஒத்தும் வராது, சரி. அனலும் வியர்வையும் அடங்கித் தூக்கம் வர எனக்கு அது உதவுமா உதவாதா என்று என் உடம்பைப் பார்த்துச் சொல்லுங்கள். உட்கார வைத்துப் பேசக்கூட நேரமில்லையே உங்களுக்கு!

பூப்பெய்தினால் ஊரைக் கூட்டிச் சீர் வைக்கிறோம். பிள்ளை உண்டானால் வளையல் அடுக்குகிறோம். மாதவிடாய் நிற்கிற காலத்துக்கு மட்டும் அம்மா மகளிடம்கூடச் சொல்லாத மௌனம். என் அம்மாவும் சொல்லவில்லை. அந்த வயதில் அவளும் அடிக்கடி வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளையும் நாங்கள் மசமசவென்று இருக்கிறாள் என்றுதான் ஏசினோம்.

டாக்டர்களே, நாற்பது தாண்டிய ஒருத்தி மறதி என்று வந்து உட்கார்ந்தால், தூக்க மாத்திரை எழுதும் முன் அவளுடைய மாதவிடாயைக் கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பாருங்கள். ஆஷா ஊழியர்களுக்கும் கிராம செவிலியர்களுக்கும் கர்ப்பிணிகளைக் கணக்கெடுக்கக் கற்றுக்கொடுத்த அரசு, எங்களிடமும் நாலு வார்த்தை கேட்கக் கற்றுக்கொடுக்கட்டும். மெமோ கொடுத்த அதிகாரிக்கு ஒன்று: என் பணிப்பதிவேட்டில் ஏற்றி வைத்திருக்கிறீர்களே 'தொடர் கவனக்குறைவு' என்று, மருத்துவச் சான்றை இணைத்து மனு கொடுத்திருக்கிறேன். அந்த வரியை நீக்குங்கள்.