மரத்தின் காவலும் மனிதரின் கடமையும்

பீடோங் வட்டாரத்தில் பல தோட்டங்கள் இன்று செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. எனினும், விடியுமுன் உளியும் வாளியும் ஏந்தி நிரைக்குப் போன நினைவு நம் குடும்பங்களில் மறையவில்லை; இன்னும் பால்மரத்தை நம்பி வாழ்வோரும் உளர். அந்த மரம் ஏன் பால் சுரக்கிறது? மங்கை நிரப்புவதற்கு அன்று, தன்னைக் காத்துக்கொள்வதற்கே!

பட்டையில் காயம் பட்டதும் பால் வழிகிறது. பின் உறைந்து காயத்தின் வாயை அடைக்கிறது. வெட்டுக்கோட்டிலிருந்து நாம் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அந்த அடைப்புத்தான். அதனுள் மருந்தும் உண்டு. பாலிலுள்ள நுண்பைகள் உடைந்து ‘ஹெவீன்’ என்னும் புரதத்தை வெளிவிடுகின்றன. 1960இல் பிரித்தறியப்பட்ட இப்புரதம் பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்க வல்லது என்று 1991இல் ஆய்வாளர் காட்டினர். இலையும் சும்மா இருப்பதில்லை. பூஞ்சணம் தாக்கினால் அதற்கு நஞ்சாகும் ‘ஸ்கோப்போலெட்டின்’ என்னும் பொருளை உண்டாக்கிப் போராடுகிறது.

ஆனால் எந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. அமேசான் காட்டில் ஒன்றுக்கொன்று எட்டி நின்று பிழைத்த மரம், 1928இல் ஹென்றி ஃபோர்டின் கம்பெனி பிரேசிலில் தொடங்கிய தோட்டத்தில் நெருக்கி நடப்பட்டபோது இலைக்கருகல் நோய்க்கு இரையாயிற்று. 1945இல் கம்பெனி அதைக் கைவிட்டது. நம் நாட்டிலோ 2017 முதல் பெஸ்டலோட்டியோப்சிஸ் இலையுதிர் நோய் வாட்டுகிறது. இது முற்றிய இலையையும் வீழ்த்துகிறது. ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர்க்கும் மரம் மீண்டும் மீண்டும் துளிர்க்க வேண்டியதாகிறது. துளிருக்குச் செலவான சத்து பாலுக்கு எங்கிருந்து வரும்?

பால் குறைந்தால் வெட்டுபவரைக் குறை சொல்வது எளிது. ‘எத்தெஃபோன்’ மருந்தை மேலும் மேலும் பூசச் சொல்வது அதைவிட எளிது. அம்மருந்து செய்வது என்ன? காயத்தின் வாய் அடைபடுவதைத் தள்ளிப்போடுகிறது. அளவோடு பூசினால் பயனுண்டு. அளவு மீறினால் பட்டை வறண்டு மரம் மலடாகும். நோயாளியிடம் இரத்தம் கறப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே நிர்வாகங்களுக்கு நாம் சொல்வது இதுதான். இலை கொட்டிய நிரைகளுக்கு ஓய்வு கொடுங்கள். அங்கே பால் குறைந்ததற்காகத் தொழிலாளியின் கூலியில் கைவைக்காதீர்கள். மரத்தின் நோய்க்கு அவர் பொறுப்பாளி அல்லர். மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுங்கள்.

தோழர்களுக்கும் ஒரு சொல். உளி கட்டையைத் தொட்டால் அந்தப் புண் நோய்க்கு வாசலாகும். மீண்டும் வளரும் பட்டையும் கரடுமுரடாகும். நிரையில் இலைப்புள்ளி கண்டால் அன்றே சொல்லுங்கள்.

பட்டைக்குள் பால்நாளங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் வெட்டினால் சுற்றிலுமிருந்து பால் ஓடிவருகிறது. ஒருவருக்கு வந்த குறைக்கு எல்லோரும் ஓடிவரும் வழக்கம் மரத்துக்கு இருக்கிறது, நமக்கும் இருக்கட்டும்!