மடலின் தலைப்பகுதியில் எவ்வளவு தாராளம்?

ஓலைச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. படிப்பவர் இடம் நோக்கிப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் விலையைப் பின்வந்த பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளோடு மல்லாடிக் கொடுத்தார்கள். மின்மடலின் கதையும் ஏறக்குறைய இதுவே.

மடலின் உடலுக்கு மேலே அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எனச் சில வரிகள் உண்டு. அவற்றை எழுதும் முறையை 1982இல் வெளியான ஆர்.எஃப்.சி. 822 வகுத்தது. முகவரியின் நடுவே அடைப்புக்குறியிட்டுக் குறிப்பு எழுதவும் அது இடங்கொடுத்தது. அனுப்புவதில் கண்டிப்பும் பெறுவதில் தாராளமும் வேண்டும் என்று ஜான் போஸ்டல் 1980இல் எழுதிவைத்த அறிவுரை கோலோச்சிய காலம் அது. 2001இல் வந்த ஆர்.எஃப்.சி. 2822, பழைய வடிவங்களை இனி எவரும் எழுதலாகாது, ஆனால் வந்தால் படித்தாக வேண்டும் என்றது. 2008இல் வந்த 5322உம் அதையே தொடர்ந்தது.

இந்தத் தாராளத்தால் தமிழுக்கு நன்மை இல்லாமல் இல்லை. தலைப்பகுதி நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறிந்திருந்தது. பிற மொழிகளைக் குறிகளாக மாற்றித் துண்டு துண்டாக அனுப்பும் வழியை 1996இல் ஆர்.எஃப்.சி. 2047 தந்தது. ஒரு துண்டு 75 குறிகளைத் தாண்டக் கூடாது. வழக்கமான யூனிகோடு முறையில் கணக்கிட்டால் ஒரு துண்டில் 15 தமிழ்க் குறிகளே அடங்கும். துணைக்குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 'சிறுகதை' என்ற சொல்லுக்கே ஏழு போய்விடும். குறியின் நடுவில் வெட்டக் கூடாது என்பது விதி. அதை மீறி வெட்டும் மென்பொருள்களின் மடல் வரும்போது, பெறும் மென்பொருள் கருணையோடு ஒட்டிப் படித்தால் தலைப்பு முழுதாகத் தெரியும். கண்டிப்பு காட்டினால் கேள்விக்குறிகளே மிஞ்சும். இவ்விடத்தில் நாம் கருணையின் பக்கம்.

ஆனால் அதே கருணை அனுப்புநர் வரியில் நஞ்சாகிறது. பழைய வடிவங்களின் பட்டியலில் ஒரே வரி இருமுறை வருவதற்கும் இடமுண்டு. இரண்டு அனுப்புநர் வரிகள் வந்தால் எதை நம்புவது? அதற்குப் பொருள் வரையறுக்கப்படவில்லை என்று அந்த ஆவணமே கைவிரிக்கிறது. சோதிக்கும் வழங்கி ஒரு வரியைப் பார்த்து முத்திரையிட, வாசகரின் திரை மற்ற வரியைக் காட்டலாம். முத்திரை மெய், பெயர் பொய். ஜியான்ஜுன் சென், வெர்ன் பாக்ஸன், ஜியான் ஜியாங் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, மடலைக் கையாளும் உறுப்புகள் தமக்குள் முரண்படுவதைப் பயன்படுத்தும் 18 வகை மோசடி வழிகளைக் காட்டியது. பிழையைப் பொறுத்துப் போவதே பிழையை நிலைபெறச் செய்துவிடும் என்று 2023இல் வந்த ஆர்.எஃப்.சி. 9413 போஸ்டலின் அறிவுரையையே மறுபரிசீலனை செய்தது.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுதான். பொருள் வரியில் தாராளம் இருக்கட்டும். அங்கே தவறினால் இழப்பது ஒரு தலைப்பை. அனுப்புநர் வரியில் ஐயம் எழுந்தால் எந்த மென்பொருளும் ஊகிக்கக் கூடாது. மடலைத் திருப்பி அனுப்ப வேண்டும். பழைய இயந்திரங்களை நம்பியிருக்கும் சிறு நிறுவனங்கள் பாதிக்கப்படுமே என்பர். உண்மைதான். ஆயினும் திரும்பி வந்த மடல் தன் பிழையை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும். சத்தமின்றித் திருத்தப்பட்ட மடல் ஒருபோதும் சொல்வதில்லை.

புள்ளி விடுபட்ட சொல்லைப் புலவர் ஊகித்துப் படிக்கலாம். கையொப்பத்தை ஊகித்துப் படிக்க எவருக்கும் உரிமையில்லை.