பேய்ப் பாட்டு என்று சொல்வதற்கு முன்...



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, வாசிப்புப் பழக்கம் என்று எழுதி வருபவன் நான். இன்று எழுதப்போவது ஹெவி மெட்டல் இசையைப் பற்றி. தமிழாசிரியருக்கும் அந்த இரைச்சலுக்கும் என்ன தொடர்பு என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதின்ம வயது தொட்டு நான் அந்த இசையின் சுவைஞன். அண்மைய ஆண்டுகளில் வெளிவந்த சில இசைத்தொகுப்புகளைக் கேட்டபின், அவற்றைப் பற்றிப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

காரணம் ஒரு தாய். சென்ற ஆண்டு, இரண்டாம் படிவத்தில் பயிலும் என் முன்னாள் மாணவனின் தாயார் வீடு தேடி வந்தார். "சார், பையன் ராத்திரியெல்லாம் பேய்ப் பாட்டு கேக்குறான். கதவ சாத்திக்கிறான். யாருகிட்டயும் பேசறதில்ல. நீங்க சொன்னா கேப்பான் சார்," என்று கண்கலங்கினார். அந்த அம்மாவின் அச்சம் எனக்குப் புதிதன்று. அத்தகைய அச்சம் நிறைந்த காலத்தில் வளர்ந்தவன்தான் நானும்.

1992ஆம் ஆண்டை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நீண்ட முடி வைத்த ராக் இசைக்கலைஞர்கள் தொலைக்காட்சியில் தோன்றக்கூடாது என்று விதிக்கப்பட்ட காலம் அது. 'செர்ச்', 'விங்ஸ்' போன்ற புகழ்பெற்ற மலாய் ராக் குழுவினரின் முடி வெட்டப்பட்ட செய்தியை நாடே பேசியது. பின்னர் 2001இல் 'பிளாக் மெட்டல்' என்னும் பிரிவைக் குறித்துப் பெரும் பரபரப்பு எழுந்தது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். விடுதி அறையில் இருந்த ஒலிநாடாக்களைப் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அவற்றில் பிளாக் மெட்டல் எதுவும் இல்லை. ஆனால் அந்த வேறுபாட்டை யாரிடம் விளக்குவது?

சரி, இசைக்கு வருவோம்.

முதலில் மெட்டாலிகா குழுவின் '72 சீசன்ஸ்'. 2023 ஏப்ரல் 14ஆம் நாள் வெளிவந்தது. 12 பாடல்கள், ஏறக்குறைய 77 நிமிடங்கள். 1981இல் தொடங்கிய குழு நாற்பது ஆண்டுகளைக் கடந்தபின் இப்படியோர் ஆற்றலுடன் வாசிப்பதைக் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்! 'லக்ஸ் இட்டர்னா' மூன்றரை நிமிடத்திற்குள் புயலாய் வந்து ஓய்கிறது. இறுதிப் பாடலான 'இனமொராட்டா' பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. அக்குழுவின் வரலாற்றிலேயே நீளமான பாடல் அதுதான். தலைப்புப் பாடலுக்கு 2024இல் சிறந்த மெட்டல் இசைக்கான கிராமி விருது கிடைத்தது.

ஆனால் என்னை உலுக்கியது தலைப்பின் பொருள். ஆண்டுக்கு நான்கு பருவங்கள் என்றால் 18 ஆண்டுகளுக்கு 72 பருவங்கள். மனிதனின் முதல் 18 ஆண்டுகளைத்தான் அத்தலைப்பு குறிக்கிறது. நீ இப்படிப்பட்டவன் என்று பெற்றோரும் மற்றோரும் சொன்ன சொற்களைச் சுமந்துகொண்டே ஒருவன் வாழ்நாள் முழுவதும் நடக்கிறான். அச்சொற்களில் மெய் எது, பொய் எது என்று பிரித்தறிவதே வளர்ந்தபின் அவனுக்கு வேலையாகிறது. இதுவே இத்தொகுப்பின் அடிக்கருத்து. மஞ்சள் நிற அட்டையில் கருகிய குழந்தைத் தொட்டில் ஒன்று. பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் தந்தை அவருடைய 13ஆம் வயதில் குடும்பத்தை விட்டுச் சென்றவர். 16ஆம் வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தக் கருகிய தொட்டில் வெறும் ஓவியமன்று.

ஆசிரியர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 72 பருவங்களில் 24 பருவங்கள் தொடக்கப்பள்ளியில், நம் கண்முன் கழிகின்றன. மூன்றில் ஒரு பங்கு!

இதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவன் ஒரு மாணவன். பணியில் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் இருந்தான். எந்நேரமும் பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பான். ஒருநாள் பொறுமையிழந்து, "நீ மேளம் அடிக்கத்தான் லாயக்கு. படிப்பு ஒனக்கு வராது," என்று வகுப்பே கேட்கச் சொல்லிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துக் கோயில் திருவிழா ஒன்றில் அவனைக் கண்டேன். தோளில் உறுமி. என்னைக் கண்டதும் ஓடி வந்து வணங்கினான். "சார் சொன்ன மாதிரியே மேளம் அடிக்கிறேன் சார்," என்று சிரித்தான். அவன் சிரித்தான், என்னால் சிரிக்க இயலவில்லை. பத்து வயதில் கேட்ட சொல்லை அவன் ஒரு சொல்லும் பிசகாமல் வைத்திருந்தான். அதில் முதற்பாதியை மட்டும் நான் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அதையும் பாராட்டாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து, புதுடில்லியின் பிளடிவுட் குழு. 2022 பிப்ரவரியில் 'ரக்‌ஷக்', 2025 மார்ச்சில் 'நு டெல்லி' என இரு தொகுப்புகள். தோலும் புல்லாங்குழலும் மின்கித்தாரோடு மோதும் இசை இது. உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு இது அந்நியமாகவே படாது என்று உறுதியாகச் சொல்வேன். கோயில் வாசலில் உறுமி முழங்கும்போது நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு எழுமே, அதே அதிர்வு! இரண்டாம் தொகுப்பில் 'தட்கா' என்றொரு பாடல். தட்கா என்றால் தாளிப்பு. உணவின் சுவையைக் கொண்டாட ஒரு மெட்டல் பாடல்! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. கடுகு வெடிக்கும் மகிழ்ச்சிதான்.

முதல் தொகுப்பில் உள்ள 'என்டியூரண்ட்' என்னும் பாடலின் பொருள் பகடிவதை. 'ஜீ வீரே' மனச்சோர்வில் உழல்வோர்க்குத் துணிவூட்டும் பாடல். நம் நன்னெறிக் கல்விப் பாடத்தில் எதைக் கற்பிக்கிறோமோ, அதையே இவர்கள் உரத்த குரலில் பாடுகிறார்கள்.

மூன்றாவது, நம் அண்டை நாட்டுப் பெண்கள். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா மாநிலம், காரூட் மாவட்டம். அங்குள்ள ஓர் இசுலாமியப் பள்ளியில் பயின்ற மூன்று மாணவிகள் 2014இல் தொடங்கிய குழு 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்'. பாசெப்ரோட் என்றால் சுண்டா மொழியில் இரைச்சல் என்று பொருள். ஊரார் சொல்லும் வசையையே பெயராகச் சூட்டிக்கொண்ட துணிவைப் பாருங்கள்! முக்காடு அணிந்தபடியே கித்தாரும் முரசும் இசைக்கும் இவர்கள் ஊராரின் எதிர்ப்பையும் மிரட்டலையும் தாங்கியவர்கள். 2023இல் 'ரெத்தாஸ்' என்னும் தொகுப்பை வெளியிட்டார்கள். 2024 ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் இசைத்தார்கள். அவ்விழா மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு இதுவே.

இவர்களுக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தியவர் யார் தெரியுமா? பள்ளியின் ஆலோசனை ஆசிரியர்! அவருடைய மடிக்கணினியில் இருந்த 'சிஸ்டம் ஆஃப் எ டவுன்' குழுவின் பாடல்களைக் கேட்டுத்தான் இச்சிறுமியர் மெட்டல் பக்கம் திரும்பினார்கள். அவரே இசைக்கருவிகளைப் பழகத் தூண்டினார். கண்டிப்பதற்கென்று அழைக்கும் அறையிலிருந்து ஓர் இசைக்குழுவை வெளியே அனுப்பிய அந்த ஆசிரியரை எண்ணும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், இந்த இசையின் பிறப்பிலேயே இப்படியொரு பெரியவர் இருக்கிறார். 1970இல் முதல் தொகுப்பை வெளியிட்ட பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து ஆலைத் தொழிலாளி. 17ஆம் வயதில், வேலையை விட்டு நிற்கவேண்டிய கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கித்தார் நரம்பை அழுத்தும் கை அதுதான். மனமுடைந்து கிடந்தவரிடம் ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னும் உலகப்புகழ் பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கித்தார் இசை அது. அயோமி நெகிழிப் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அதன்மேல் தோல் ஒட்டினார், மீண்டும் வாசித்தார். அக்குழுவின் பாடகர் ஓசி ஆஸ்பார்ன், எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா குறைபாட்டுடன் 15ஆம் வயதில் பள்ளியை விட்டு வெளியேறியவர். 2025 ஜூலை 5ஆம் நாள் அதே பர்மிங்காமில் இறுதியாக மேடையேறினார். 17 நாள் கழித்து மறைந்தார். அவருக்கு எழுத்தைக் கற்பிக்க அன்று ஒருவரும் இல்லாமற்போனார்களே என்ற வருத்தம் ஓர் ஆசிரியனாக எனக்கு உண்டு.

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 'இன்வின்சிபிள் ஷீல்டு' தொகுப்பையும் சொல்லாமல் விடமுடியாது. 2024 மார்ச் 8இல் வெளிவந்தபோது பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 72. 'பேனிக் அட்டாக்' பாடலில் அவர் எட்டும் உச்சத்தைக் கேளுங்கள்! நடுக்குவாத நோயால் பாதிக்கப்பட்டதை 2018இல் வெளிப்படையாக அறிவித்த கித்தார் கலைஞர் கிளென் டிப்டனும் இத்தொகுப்பில் பங்காற்றியுள்ளார். விடாமுயற்சிக்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டுமா?

இந்த இசையில் உள்ள அனைத்தும் நன்று என்று நான் வாதிடவில்லை. கெட்ட வார்த்தைகள் நிறைந்த பாடல்கள் உண்டு; வன்முறையைக் காட்டும் படங்கள் உண்டு; சிறுவர்க்கு ஒவ்வாதவை பலவுண்டு. '72 சீசன்ஸ்' தொகுப்பிலேயே தற்கொலை எண்ணத்தைப் பற்றிய பாடல் இருக்கிறது. பேசத் தயங்கும் பொருளைப் பேசவைப்பதே அதன் நோக்கம் என்றாலும், ஒரு சிறுவன் அதைத் தனியறையில் கேட்பதும் பெரியவர் ஒருவரோடு கேட்பதும் ஒன்றல்ல. செவி நலமும் முக்கியம். சிறுவர்கள் காதொலிக்கருவியில் கேட்கும்போது ஒலியளவு 75 டெசிபலுக்குள், வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குள் இருப்பது பாதுகாப்பானது என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. பெற்றோர் இதில் கண்டிப்பாகவே இருக்கலாம்.

ஆனால் கேட்காமலே தீர்ப்புச் சொல்லலாமா? எந்தப் பாடல், யார் பாடியது, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு முறையேனும் கேட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்போது அச்சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

அந்தத் தாயாரிடம் மகனை ஒரு மாலை வீட்டிற்கு அனுப்பச் சொன்னேன். வந்தான். தலை நிமிரவில்லை. "என்னப்பா கேக்குற? எனக்கும் ஒன்னு குடு," என்றேன். நம்பமுடியாமல் பார்த்துவிட்டுக் காதொலிக்கருவியின் ஒரு முனையை நீட்டினான். 'என்டியூரண்ட்'. பாடல் முடியும்வரை இருவரும் பேசவில்லை. "இன்னொரு தடவ போடட்டுமா சார்?" என்றான். போட்டான். மூன்றாம் முறைக்குப் பிறகுதான் பள்ளிப் பேருந்தில் ஐந்து மாதங்களாகத் தனக்கு நடப்பதைச் சொன்னான்.

மறுநாள் நானும் அவன் பெற்றோரும் அவனுடைய பள்ளிக்குச் சென்றோம். கட்டொழுங்கு ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார், ஆவன செய்தார். அவன் இன்றும் அதே பாடல்களைத்தான் கேட்கிறான். ஆனால் அறைக்கதவு இப்போது திறந்திருக்கிறது என்று அவனுடைய தாயார் சொன்னார். இரைச்சல் வீடெல்லாம் கேட்கிறதாம்!

கேட்கட்டுமே. சிந்திப்போம்.