மோட்டாரையே மாத்தணுமா, 8 மில்லிமீட்டர் காடி போதாதா?



விவசாயத்துக்கு என்ன தொழில்நுட்பம் வேணும்னு டவுன்ல பேச ஆரம்பிச்சா, ட்ரோன், செல்போன் ஆப், சென்சார் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா என்னைக் கேட்டா, பத்து கிலோமீட்டர் சுத்தளவுல ஒரு சாப்ட்டுக்கு ஒழுங்கா கீவே வெட்டித் தர்ற பட்டறை இருக்கணும். அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

கீவே என்றால் பெரிய விஷயம் இல்லைங்க. மோட்டார் சாப்ட்டுல நீளவாக்குல ஒரு காடி இருக்கும். புல்லியோட துளைக்குள்ளயும் அதே மாதிரி ஒரு காடி இருக்கும். ரெண்டும் நேரா வரும்போது நடுவுல ஒரு சின்ன இரும்புத் துண்டைச் செருகுவாங்க. அதுதான் கீ. சாப்ட்டு சுத்தினா புல்லியும் சேர்ந்து சுத்துவதற்கு அந்தத் துண்டுதான் காரணம். கிணத்து மோட்டார், மாவு மில்லு, ரொட்டவேட்டர் கியர், தட்டு வெட்டற மிஷின்னு எதைத் திறந்தாலும் எங்கேயாவது ஒரு கீ உட்கார்ந்திருக்கும்.

சின்னத் துண்டுதான், ஆனா சுமை பெருசு. நிமிஷத்துக்கு 1440 சுத்து சுத்தற 3 எச்.பி. மோட்டார்ல, சாப்ட்டு 28 மி.மீ. என்றால், அந்தக் கீ மேல விழற தள்ளு சுமார் 100 கிலோ. சுவிட்சு போடற நேரத்திலும், தட்டு சிக்கும்போதும் இன்னும் கூடும். காடி மயிரிழை அகலமா இருந்தாலும் கீ உள்ளேயே ஆடி ஆடி இடிக்கும். இடிக்க இடிக்கக் காடி வாயைப் பிளக்கும். ஒருநாள் மோட்டார் சுத்தும், புல்லி நிக்கும்.

போன வருசம் எங்க தட்டு வெட்டற மிஷினுக்கு இதுதான் நடந்தது. வீட்டுல நாலு மாடு. ஒரு மாட்டுக்குத் தினம் இருபத்தஞ்சு, முப்பது கிலோ பசுந்தீவனம் வேணும். கோ-4 புல்லை முழுசாப் போட்டா இலையைத் தின்னுட்டு தண்டைக் காலால மிதிச்சுப் போடும். தீவனம் வீணாகும், பாலும் குறையும். சொசைட்டிக்காரர் அளவுப்படிதானே காசு போடுவார்? மிஷின் வித்த கடையில கேட்டா, "சாப்ட்டு மட்டும் தனியா வராதுங்க, மோட்டாரையே மாத்திருங்க" என்றார்கள். மோட்டார் பத்தாயிரத்துக்கு மேல. காயில் நல்லா இருக்கு, பேரிங் நல்லா இருக்கு, 8 மி.மீ. காடி ஒண்ணு தேஞ்சதுக்கு மொத்த மோட்டாரும் இரும்புக் கடைக்குப் போகணுமாம்!

பக்கத்து ஊருல ஒரு தம்பி பட்டறை வெச்சிருக்கார். ஐ.டி.ஐ. பிட்டர் படிச்சவர். அப்பா காலத்து லேத்துக்குப் பக்கத்துல, கடன் வாங்கிச் சின்னதா ஒரு சி.என்.சி. மில்லிங் மிஷின் போட்டிருக்கார். அவர் வேலை செஞ்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்.

ரோட்டரைக் கழட்டி, சாப்ட்டை வி-பிளாக்குல வெச்சு இறுக்கினார். பழைய காடியை விட்டுட்டு அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் புதுசா வெட்டறதுன்னு முடிவு. முதல்ல சாப்ட்டோட ரெண்டு பக்கத்தையும் தொட்டுப் பார்த்து நடு மையத்தைப் பிடிச்சார். 8 மி.மீ. காடிக்கு 6 மி.மீ. கட்டர் போட்டார். "8 கட்டரே போட்டா ஒரே ஓட்டத்துல முடிஞ்சிருமே தம்பி?" என்று கேட்டேன். "சின்ன மிஷினுங்கண்ணா, கட்டர் ஒரு பக்கமா வளையும். காடி நடுவுல நிக்காது, அகலமும் கூடிரும்" என்றார். முதல்ல நடுவுல கொஞ்சம் கொஞ்சமா ஆழம் இறக்கினார், அப்புறம் ரெண்டு சுவரையும் தனித்தனியா இழைச்சு எடுத்தார்.

அளவு இதுதான்: கீ 8 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம். சாப்ட்டுல 4 மி.மீ. ஆழம், புல்லியில 3.3 மி.மீ. ரெண்டையும் கூட்டினா 7.3. மேலே 0.3 மி.மீ. சும்மா இருக்கும். ஏன்னா கீ பக்கவாட்டுலதான் பிடிக்கணும், தலையில இல்லை. சாப்ட்டுக் காடியோட அகலம் 8-ஐத் தாண்டவே கூடாது. குறைஞ்சா 0.036 மி.மீ. வரைக்கும் குறையலாம், அவ்வளவுதான்.

புல்லிக்குள்ள கட்டரைச் சுத்தவிட்டு வெட்ட முடியாது. அதுக்கு ஸ்பிண்டிலைச் சுத்தாம பூட்டிட்டு, ஒத்தை முனை டூலை மேலும் கீழுமா ஓட்டினார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துளி இரும்பைச் சுரண்டும். தச்சர் இழைப்புளி போடற மாதிரி. நேரமாகும், ஆனா சுத்தமா வரும். எல்லாம் சேர்த்து 700 ரூபாய். சாயங்காலம் மிஷின் ஓடியது.

பட்டறை இல்லாத ஊருல என்ன செய்வாங்க தெரியுமா? புல்லியைச் சாப்ட்டோட சேர்த்து வெல்டிங் வெச்சிருவாங்க. அன்னைக்கு வேலை நடக்கும். வெல்டிங் கரண்டு பேரிங் வழியாப் போனா பேரிங் உள்ளே புள்ளிப் புள்ளியாத் தீஞ்சிரும். அடுத்து பேரிங் மாத்தணும்னா புல்லியை அறுத்துத்தான் எடுக்கணும்.

"ஒரு கீவேக்கு சி.என்.சி. எதுக்கு? பழைய மில்லிங் மிஷினே போதுமே" என்று இன்ஜினியர் நண்பர்கள் கேட்பீங்க. நியாயம்தான். ஒரே ஒரு காடின்னா கையால ஓட்டற மிஷினும் அதே நேரத்துல முடிச்சிரும். ஆனா ரிப்பேரை மட்டும் நம்பி இன்னைக்கு எந்தப் பட்டறையும் பிழைக்க முடியாது. இந்தத் தம்பி மத்த நாள்ல கோயமுத்தூர் கம்பெனிகளுக்கு ஒரே மாதிரி சாமானை நூத்துக்கணக்குல ஓட்டித் தர்றார். அதுல வர்ற காசுலதான் பட்டறை நிக்குது. பட்டறை நிக்கறதாலதான் என் ஒத்தைச் சாப்ட்டுக்கு ஆள் கிடைக்குது. இல்லைன்னா அவரும் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ சம்பளத்துக்குப் போயிருப்பார். மிஷின் வந்தா வேலை போகும்னு சொல்வாங்க. எங்க பக்கத்துல மிஷின் வந்ததாலதான் ஒரு வேலைக்காரர் ஊரோட தங்கியிருக்கார்.

என் கருத்து இதுதாங்க. புது எந்திரம் வாங்க மத்திய, மாநில அரசுகள் 40, 50 சதவீதம் வரைக்கும் மானியம் தருது. நல்ல விஷயம். ஆனா வாங்கின எந்திரம் நாலாவது வருசமும் ஓடணுமில்லையா? எந்திரத்தைப் பழுது பார்க்கிற சின்னப் பட்டறைக்கும் அதே அக்கறை வேணும். அவர் மிஷின் வாங்கற கடனுக்கு வட்டியைக் குறைச்சாலே எங்க பத்து ஊருக்குச் செஞ்ச உதவி. பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசு 2022-ல் ஒரு குழு போட்டது. அதில் விவசாயக் கருவிகளும் சேர்த்தி. அந்த உரிமை தாளோட நிக்காம இருக்கணும்னா பழுது பார்க்கத் தெரிஞ்ச கை பக்கத்துல இருக்கணும்.

இதைப் படிக்கிறவங்கள்ல கம்பெனியில டிசைன் பண்றவங்க இருப்பீங்க. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். சாப்ட்டு, கீ, பேரிங் எல்லாம் எங்கேயும் கிடைக்கிற அளவுலயே வைங்க. அந்த அளவைப் புத்தகத்துல அச்சடிச்சுக் கொடுங்க. சாப்ட்டைத் தனியா விலைக்குக் கொடுங்க. மிச்சத்தை எங்க பட்டறைத் தம்பி பார்த்துக்குவார்.