வேப் இழுத்தா உடம்பு இளைக்குமாம்!



"வேப் இழுத்தா பசிக்காது, உடம்பு இளைக்கும்"னு நம்ம கோலசிலாங்கூர் பக்கத்துப் பிள்ளைங்க பேசிக்கிறாங்க. நிக்கோட்டின் பசியை மந்தமாக்குறது உண்மைதான். விட்டா பசி திரும்பும், எடையும் கொஞ்சம் ஏறும். அந்தப் பயத்துலயே விட மாட்டாங்க. 13 முதல் 17 வயசு வரைக்கும் வேப் பிடிக்கிறவங்க 2017-ல 9.8 விழுக்காடு, 2022-ல 14.9. சுகாதார அமைச்சு ஆய்வு சொல்லுது.

18 வயசுக்குக் கீழ விற்கக் கூடாதுன்னு 1.10.2024 முதல் சட்டம் இருக்கு. கடைக்காரனைத் திட்டுறோம், சரி. ஆனா அன்னதானப் பந்தியில "என்னம்மா இப்படிக் குண்டாயிட்ட, சோத்தைக் குறை"ன்னு நாலு பேர் முன்னால சொல்றது யாரு? நம்ம அத்தை, மாமாதானே! பையனா இருந்தா "பூசணிக்கா"ன்னு சிரிப்பு வேற. சாமி சோறு போடுற இடத்துல எதுக்குய்யா பிள்ளைங்களை எடை போடுறீங்க? இந்த வெள்ளிக்கிழமை யாராச்சும் அப்படிப் பேசினா, கரண்டியை வச்சிட்டு நேராவே கேப்பேன்.