கடவுளை நம்பு, சான்றிதழில் சொல்லாதே

பள்ளி திறக்கும் மாதத்து ஞாயிறு. எங்கள் பங்கில் அன்றைக்கு மாணவர்களுக்கான சிறப்புப் பூசை. புதிய வகுப்பு, புதிய கல்லூரி, புதிய வேலை, புதிய வீடு என்று வாழ்க்கை மாறிக்கொண்டேதான் இருக்கும், மாற்றத்தைக் கண்டு கலங்காதீர்கள், வானத்துப் பறவைக்குச் சோறு போடுகிறவர் உங்களையும் பார்த்துக்கொள்வார் என்று சாமியார் மறையுரை வைத்தார். குறை சொல்ல முடியாத மறையுரை. நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வைத்திருந்தார். பூசை முழுக்க அதை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார். முடிந்ததும், செருப்பு கிடக்கும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ ஆபீசு ஆபீசா போறவ, உனக்குத் தெரியும். பொண்ணுக்கு சர்டிபிகேட் எடுக்கணும். மதம்னு கேக்கற எடத்துல என்னம்மா போடறது?"

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நர்சிங் படிக்க ஆசை. ஃபைலுக்குள் இரண்டு காகிதங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அப்பாவின் சாதிச் சான்றிதழ் இந்து ஆதிதிராவிடர் என்கிறது. மகளின் மாற்றுச் சான்றிதழ் கிறிஸ்தவர் என்கிறது. எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போது திருச்சபை நடத்தும் பள்ளி ஒன்றில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். கோயில் பிள்ளை என்று காட்டினால்தான் இடம். ஓடிப்போய் வாங்கிக் கொடுத்திருக்கிறார் இந்த அம்மா. பதினான்கு வருடம் கழித்து அதே காகிதம் தாலுகா ஆபீசில் குறுக்கே வந்து நிற்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அதில் வழி விட்டார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பட்டியல் சாதிக்கான 18 விழுக்காடு அவருக்கு இல்லை. தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதிப் பேரைச் சொல்லி அடித்தால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடியாது. அடிக்கிறவன் மட்டும் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

சாமியார் சொன்ன பட்டியலை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கல்லூரி, புதிய வேலை, புதிய வீடு. மற்றவர்களுக்கு இவை வாழ்க்கையின் மாற்றங்கள். நமக்கு ஒவ்வொன்றும் ஒரு கவுன்ட்டர். ஒவ்வொரு கவுன்ட்டரிலும், நீ கடவுளை நம்புகிறாயா, நம்பினால் எந்தக் கடவுளை என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த காகிதத்தைத் தருகிறார்கள். விசுவாசத்தைச் சொன்னால் உரிமை போகும். உரிமை வேண்டுமென்றால் விசுவாசத்தை வாயில் போட்டு மெல்ல வேண்டும். இதைப் பற்றி இருபது நிமிட மறையுரையில் ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டிலும் இதுதான். எனக்கு இரண்டு பெயர். கோயில் புத்தகத்தில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. சின்ன வயதில் எல்லாருக்கும் இரண்டு பெயர் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர்தான் என்று தெரிந்தபோது, பாவம் என்று தோன்றியது.

அப்பாவுக்கு அரசு வேலை கிடைத்த வருடம், சான்றிதழ் சரிபார்க்க ஆள் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆயா நடுவீட்டுச் சுவரில் இருந்த மாதா படத்தைக் கழற்றினாள். புடவைத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். வைக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல, "கொஞ்ச நேரம் இரு தாயே, அந்த ஆளு போனதும் எடுத்துடறேன், புள்ள சோத்து விசயம்" என்றாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. அதை மறைக்க அங்கே காலண்டரை மாட்டினார்கள். வந்தவர் மோர் குடித்துவிட்டுப் போனார். அன்று இரவு ஆயா வழக்கத்தைவிட ஒரு செபமாலை கூடுதலாகச் சொன்னாள்.

அவள் கடவுளை மறுதலித்தாள் என்று எந்தச் சாமியாராவது சொன்னால் அவரோடு சண்டைக்கு நிற்பேன். அவள் நம்பினாள். மாதாவுக்குத் தன் கஷ்டம் புரியும் என்று அவளுக்கு அவ்வளவு உறுதி. புரியாதது சட்டத்துக்குத்தான்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த பெண், எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டவர். குழந்தையாக இருக்கும்போதே அவருக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. கிறிஸ்தவ விசுவாசத்தில் இருந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். மோசடி. எங்கள் ஆயா அரிசிப் பானைக்குப் பின்னால் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டதற்கு டெல்லியில் வைத்திருக்கும் பெயர் இது. ஒரு மனுஷியைப் பொய் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை. மூன்றாவது பத்தி செல்லுமா என்று 2004இல் தொடுத்த வழக்கு அதே நீதிமன்றத்தில் கிடக்கிறது. அந்தப் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. அது போதாதென்று 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம், இரண்டு வருடக் கெடு, பிறகு அதற்கும் நீட்டிப்பு. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டு அனுப்பியது. இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலிருந்து கல்லூரிக்கு வந்துவிட்டார்கள்.

அரசைத் திட்டுவது எளிது. இந்தப் பதிவு திருச்சபைக்காக.

ஆகஸ்ட் 10 கருப்பு நாள் என்று ஆயர்கள் அறிவிக்கிறார்கள், கறுப்புப் பட்டை குத்துகிறோம், உண்மை. 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது, தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டது. அதையும் மதிக்கிறேன். ஆனால் மீதி 364 நாள்? அரசு ஆபீசில் நான் கிறிஸ்தவள், எனவே பட்டியல் சாதி இல்லை. திருச்சபைக் கல்லூரிக்குப் போனால் அது சிறுபான்மை நிறுவனம், பட்டியல் சாதி இட ஒதுக்கீட்டுக்கு அது கட்டுப்பட்டதில்லை. அரசியல் சாசனத்தின் 15(5) பிரிவே அப்படி விலக்குக் கொடுத்திருக்கிறது. இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கிற பெண்ணுக்குப் பெயர்தான் தலித் கிறிஸ்தவள். சில நிறுவனங்கள் தாமாக முன்வந்து இடம் கொடுக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. அது சலுகையாக வருகிறது. முதல்வராக இருக்கும் சாமியார் மாறினால் அதுவும் மாறும்.

இடத்தைக் கொடு என்று நாம் கேட்கும்போது, விசுவாசத்தைக் கொடுக்கிறார்கள். கலங்காதே, ஜெபி, காத்திரு.

அம்மா இப்போது பூசைக்கு வருவதில்லை. எங்கள் தெருவில் ஓட்டு வீட்டில் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய ஓரத்தில் ஆயாவைப் புதைத்த அன்றிலிருந்து. பெட்டியை ஊர்த் தெரு வழியாகக் கொண்டுபோக விடாமல் வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போனோம். புதைத்த இடத்தில் நின்று, பரலோகத்தில் எல்லாரும் ஒன்று என்று பிரசங்கம் கேட்டோம். அம்மா வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு நடையை மாற்றிவிட்டாள். அங்கே பாஸ்டர் நம்ம ஆள், பக்கத்தில் உட்காருகிறார், வீட்டில் சாப்பிடுகிறார். ஆனால் அங்கேயும் ஜனவரி முதல் தேதி ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுத்து, இந்த வருடம் கர்த்தர் உன் நிலையை மாற்றுவார் என்கிறார்கள். மாறாவிட்டால் உன் விசுவாசத்தில் குறை. மரியாதை கிடைத்திருக்கிறது, கணக்கு மட்டும் அதேதான்.

அம்பேத்கர் இதைப் பார்த்திருந்தார். கிறிஸ்தவரான தீண்டப்படாதோர் நிலை பற்றி எழுதும்போது, இவர்கள் ஏன் தங்கள் அநீதிக்கு எதிராகத் திரளவில்லை என்று கேட்கிறார். மனிதன் தாழ்ந்து கிடப்பதற்குக் காரணம் அவனுடைய பாவம் என்று போதித்தால், சுற்றியிருக்கும் சமூகத்தை அவன் ஏன் குற்றம் சொல்லப் போகிறான் என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. முதுகலையில் அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, அம்பேத்கர் மேல். எங்கள் ஆயாவைத் தெரியாமல் எழுதிவிட்டார் என்று. இப்போது களத்தில் பத்து வருடம் ஆனபின், அவர் ஆயாவைப் பற்றி எழுதவில்லை, பீடத்தைப் பற்றி எழுதினார் என்று புரிகிறது.

சில தோழர்கள் சொல்வார்கள், அப்படியானால் கடவுளை விட்டுத் தொலை என்று. அதுவும் என்னால் ஆகாது. வேலைக்காக நகரத்துக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைந்தேன். "என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். கிறிஸ்டியன் என்பேன். "கிறிஸ்டியன்ல என்ன?" என்பார்கள். பதினோராவது வீட்டுக்காரரும் அதையே கேட்ட ராத்திரி, விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுது ஜெபித்தேன். அந்த ஜெபம் பொய்யில்லை. காலையில் எழுந்து பன்னிரண்டாவது வீட்டுக்குப் போக அதுதான் காலைக் கொடுத்தது. ஜெபத்தைக் கேலி செய்கிறவர்களுக்கு அந்த ராத்திரி தெரியாது. ஜெபத்தோடு நிறுத்திக்கொள் என்கிறவர்களுக்குப் பன்னிரண்டாவது வீடு தெரியாது.

லூக்கா நற்செய்தியில் ஒரு விதவை வருகிறாள். நீதிபதி கடவுளுக்கும் பயப்படாதவன், மனிதரையும் மதிக்காதவன். இவள் விடாமல் அவனிடம் போகிறாள், எனக்கு நியாயம் செய் என்று. தொல்லை தாங்காமல் அவன் செய்கிறான். சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்காக இயேசு சொன்ன கதை அது. எங்கள் பங்கில் இதை வைத்து எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், எல்லாம் முழங்கால் பற்றி. அந்தப் பெண் கதையில் ஓர் இடத்திலும் முழங்காலில் இல்லை. நீதிமன்ற வாசலில் நிற்கிறாள். ஜெபம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு இயேசு காட்டியது, ஆபீசுக்கு நடந்து நடந்து அதிகாரியைச் சலிக்க வைக்கிற ஒரு பெண்ணை. ஃபைலோடு பூசைக்கு வந்த அந்த அக்காவை.

அவரோடு செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போனேன். போகும் வழியில் பஸ்ஸில் இரண்டு பக்கமும் சொன்னேன். கிறிஸ்தவர் என்று எழுதினால் என்ன கிடைக்கும், என்ன போகும். இந்து என்று எழுதினால் நாளைக்கு யாராவது மாற்றுச் சான்றிதழைக் காட்டி மனுப் போட்டால் என்ன ஆகும். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "ஃபாதர்கிட்ட கேட்டா என்ன சொல்வாரு?" என்றாள். அவள் அம்மா பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர்கள் எதை எழுதினார்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். விஏஓ விடுப்பில் இருந்தார், வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்.